பிள்ளை ‘வலிக்கிறது’ என்றால்

பெங்களூர் பிரேசர் டவுனில், பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும் தையற்காரர் “பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறதே, அம்மா” என்று சொன்ன பிறகே எக்ஸ்ரே எடுத்துத் திகைக்கும் பெற்றோரும் இருக்கக்கூடும். வளரும் பருவத்தில், காரணம் புலப்படாமலே முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்ளும் ஸ்கோலியோசிஸ் என்னும் இந்த வியாதியில், வளைவு 45, 50 பாகையைத் தாண்டினால், திருகாணியும் உலோகத் தண்டும் பொருத்தி எலும்புகளைப் பிணைக்கும் அறுவைச் சிகிச்சையைச் சிபாரிசு செய்வர். முதுகின் தசைகளை எலும்பிலிருந்து நெடுக விலக்கியே அதைச் செய்ய வேண்டியிருப்பதால், முதல் இரண்டு மூன்று தினங்களின் வேதனை சாமானியமானதன்று.

“பல்லைக் கடித்துக்கொள், கண்ணு” என்று பாட்டிமார் சொல்வது பிரியத்தினால்தான். ஆயினும் வலி அடங்காத குழந்தை ஆழ்ந்து மூச்சிழுக்காது, இருமாது, எழுந்து நடக்காது. அதனால் நுரையீரலில் சளி கட்டும் அபாயமுண்டு. ஆகவே வலியைத் தணிப்பது சிகிச்சைக்கு அப்பாற்பட்ட சலுகையன்று. வைத்திய உலகமே இதைத் தாமதமாகத்தான் உணர்ந்தது. இந்தியாவில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், அறுவையின்போது பெண்டனைல் என்னும் வலிநீக்கி மருந்தைப் பெற்ற குறைமாதச் சிசுக்களின் சரீரம் குறைவாகவே அல்லலுறுகிறது என்று 1987-இல் லான்செட் பத்திரிகையில் காட்டும்வரை, பச்சிளம் சிசுக்களுக்குப் போதிய வலிநீக்கம் இல்லாமலே கத்தி வைப்பது பல இடங்களில் வழக்கமாயிருந்தது.

இன்றைய உபாயம், ஒரே மருந்தை மிகுதியாகக் கொடுப்பதைவிட, வெவ்வேறு வழியில் வேலை செய்யும் பலவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது. பாராசிட்டமாலை, வலி வந்தபின் அல்ல, மணிப்பிரகாரம் கொடுப்பர். கெட்டோரோலாக் போன்ற வீக்கமடக்கும் வலிமருந்துகள் எலும்பு கூடுவதைத் தடுக்குமோ என்ற பழைய அச்சத்துக்கு, குறுகிய காலப் பிரயோகத்தில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. நரம்புவலி மருந்தான காபாபென்டினைச் சிலர் சேர்ப்பர். அதன் பயனைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. இவற்றுக்கு மேலே, மார்ஃபின்.

மார்ஃபினைக் குழந்தையே பொத்தானை அழுத்திப் பெற்றுக்கொள்ளும் பம்ப் ஒன்று உண்டு. ஒருமுறை மருந்து இறங்கியபின், குறித்த நிமிஷங்கள் கழியும்வரை எத்தனை முறை அழுத்தினாலும் அது இணங்காது. மருந்து மிகுந்து குழந்தை தூங்கிவிட்டால் பொத்தானை அழுத்த ஆளில்லை. அந்த உறக்கமே காவல். தூங்கும் பிள்ளைக்காக இரக்கப்பட்டுத் தாய் அழுத்தினாலோ, காவல் கலைந்து மூச்சு மந்தமாகிவிடலாம்.

மார்ஃபின் என்றாலே பிள்ளை அதற்கு அடிமையாகிவிடும் என்று நடுங்குவோர் பலர். கண்காணிப்புடன் சில நாள் கொடுப்பதில் அந்த அபாயம் சொற்பம். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அபினியைச் சட்டப்படி பயிரிட்டு விளைவிக்கும் தேசத்தில், 1985-ஆம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகளுக்கு மார்ஃபின் கிட்டாமற் போனது விசித்திரமே. 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று.

வீடு திரும்பியபின் வலிமையான மாத்திரைகளை முதலில் குறைத்து, பாராசிட்டமாலைக் கடைசியில் நிறுத்துவது வழக்கம். மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வயிற்று உப்புசமே சில பிள்ளைகளை முதுகைவிட அதிகம் வாட்டும். தணிந்துவந்த வலி திடீரென்று ஏறினாலோ, காய்ச்சல் கண்டாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, மாத்திரையைக் கூட்டிப் பார்க்காமல் அறுவை செய்த வைத்தியரிடமே உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.