ஃபிஷ் போர்டு வாங்குமுன் லிட்டரைக் கேளுங்கள்

சர்ஃபிங் பலகை வாங்கப் போனால் உங்கள் உயரத்தைக் கேட்பார்கள். எடையைக் கேட்பவர்கள் குறைவு. சின்ன அலைக்கென்று ஃபிஷ் போர்டு தேடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். உங்களைத் தண்ணீரில் தாங்குவது பலகையின் நீளமல்ல, அதன் கொள்ளளவு.

ஃபிஷ் என்பது குட்டையான, அகலமான, வால் இரண்டாகப் பிளந்த பலகை. 1967-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில், முழங்காலிட்டு ஓட்டுவதற்காக ஸ்டீவ் லிஸ் செய்தது. நின்று ஓட்டுகிறவர்கள் பிறகு அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதிகம் வளையாத தட்டையான அடிப்பாகம் இருப்பதால் வலுவற்ற அலையிலும் வேகம் பிடிக்கும். ஆண்டின் முதல் மாதங்களில் கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலை சிறுத்துக் கிடக்கும்போது இதன் அருமை தெரியும்.

எழுந்து நின்று அலையோடு பக்கவாட்டில் ஓட்டத் தெரிந்தவருக்கு, உடல் எடையில் பாதி அளவு லிட்டர் நல்ல தொடக்கம். 70 கிலோ என்றால் 35 லிட்டர். எப்போதாவது மட்டும் கடலுக்குப் போகிறவர், தோள் பலம் குறைந்தவர் மூன்று நான்கு லிட்டர் கூட்டிக்கொள்ளலாம். இன்னும் எழுந்து நிற்கவே தடுமாறுகிறவருக்கு, கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், ஃபிஷ் வேண்டாம். நீளமான மென்பலகையே சரி.

கொள்ளளவு பெரும்பாலும் பலகையின் அடிப்பக்கம், நடுக்கட்டையை ஒட்டிப் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். இல்லாவிட்டால் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்து, வருவதில் பாதிக்குச் சற்று மேல் எடுங்கள். 68 அங்குல நீளம், 21 அகலம், இரண்டரைத் தடிமன் என்றால் சுமார் 32 லிட்டர். துல்லியம் கிடையாது, ஆனால் 25 லிட்டர் பலகையை 35 என்று விற்பவரைக் கண்டுபிடிக்க இது போதும்.

பலகை சிறுத்தால் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளியே தோள் ஓய்ந்துபோகும். அலை செங்குத்தாகி உடையும் கடைசி நொடியில்தான் எழ முடியும். முன்நுனி குத்திக் கவிழ்ந்தால், ஆழமில்லாத மணல்திட்டில் தலையும் கழுத்தும் முதலில் தரையில் மோதும். பெருத்தால் உடைகிற அலைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு போக வராது. கையை விட்டால் பின்னால் இருப்பவர் மேல் பாயும். ஃபிஷ்ஷின் வால்முனைகளும் அடியில் பொருத்தும் ஃபின்களும் சதையைக் கிழிக்கக்கூடியவை. கணுக்காலில் கட்டும் லீஷ் பலகையின் நீளத்துக்காவது இருக்கட்டும்.

பழைய பலகை என்றால், கால் ஊன்றும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம். விரிசலைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஃபின் பொருத்தும் குழியின் ஓரத்தையும் பாருங்கள். தனியாளிடம் வாங்கும் பழைய பலகைக்கு நுகர்வோர் சட்டத்தை நம்பிப் பயனில்லை, அது வியாபாரிகளிடம் வாங்குகிறவர்களுக்கானது.

கடையிலோ இணையத்திலோ வாங்கினால் கதை வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். ஆனால் 'எனக்குச் சேரவில்லை' என்பது மட்டும் சட்டப்படி குறை ஆகாது. எழுதிக் கொடுத்த அளவு ஒன்று, வந்த பலகை வேறு என்றால் அது குறை. ஆகவே லிட்டரையும் மூன்று அளவுகளையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற இணைய விற்பனையாளர் மறுக்க முடியாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன.

கடை கைவிரித்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பலகையைக் கோவாவில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.