உங்களுக்குத் தெரியுமா? விழுந்த பல்லுக்குப் பால்

அல்பியன் அரீனாவில் ஸ்கேட்டிங் போன பிள்ளை விழுந்து நிரந்தரப் பல் வேரோடு கழன்றுவிட்டதா? பல்லைப் பாலில் போடுங்கள். தண்ணீரில் வைத்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் ஊதி வெடித்துவிடும். பாலின் உப்புச் செறிவு நம் உடலோடு ஒத்துப்போவதால் அவை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சொக்லேட் பால், பாதாம் பால் வேண்டாம்.

பாலைவிடச் சிறந்த இடம் பல் இருந்த குழிதான். வேரில் கை படாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடியுங்கள். ஊத்தை இருந்தால் பாலில் ஒருதரம் அலசுங்கள், தேய்க்கவே கூடாது. குழிக்குள் மெல்ல வைத்து, துணியொன்றைக் கடிக்கச் சொல்லிவிட்டு உடனே பல் வைத்தியரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் நல்லது. ஆனால் பால் பல்லைத் திருப்பி வைக்காதீர்கள். அடியில் முளைக்கும் பல் பழுதாகும்.

விழாத பல் வலித்தால் கராம்பு கைகொடுக்கும். அதில் உள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் வைத்தியர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். அம்மம்மா சொன்னபடி, நோகும் பல்லருகே ஒரு கராம்பை அடக்கி வைக்கலாம். கராம்பு எண்ணெயை அப்படியே விட்டால் முரசு வெந்துபோகும். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு துளி கலந்து, பஞ்சில் தொட்டு வையுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

அஸ்பிரினை முரசில் வைத்தாலும் புண்தான்.

நாள்கணக்காய் இருந்த பல் குத்து திடீரென்று நின்றால் சுகம் என்று நினைக்காதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கலாம். கிருமி எலும்புக்குள் பரவிக்கொண்டிருக்கும். கராம்போ உப்புத் தண்ணீரோ அங்கே எட்டாது.

கன்னமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலடித்து, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமென்றால் 911 அழையுங்கள், அல்லது எட்டோபிக்கோ ஜெனரல் மருத்துவமனைக்குப் போங்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. வெறும் பல்வலிக்கு அங்கே போனால் பெரும்பாலும் வலி மாத்திரையும் அன்டிபயோட்டிக்கும்தான் கிடைக்கும்.

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை வழக்கமான பல் வைத்தியத்துக்கு உதவாது. காசுக்குப் பயந்து மாதக்கணக்கில் கராம்போடு காலம் தள்ளும் நம்மவர்களை நினைத்தால் மனம் நோகிறது. குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாக இருந்து, தனியார் பல் காப்புறுதி கிடைக்கும் வழியும் இல்லாதவர்கள் மத்திய அரசின் கனடிய பல் பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரி தாக்கல் செய்திருக்க வேண்டும், வேலை இல்லாவிட்டாலும்.