டிரோன் பறப்பும் அதிர்வு வடிப்பான்களும்

பயிர்களுக்குப் பூச்சிமருந்தும் திரவ உரமும் தெளிக்கும் பணியில், டிரோன் எனப்படும் ஆளில்லா விமானங்கள் நம் நாட்டில் ஈடுபடுத்தப்பட்டு வருகின்றன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு டிரோன்கள் வழங்கும் ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்திற்கு, 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. தெளிப்புப் பருவத்தில் ஒரு டிரோன் நிலைகுலைந்து வயலில் விழுந்தால், குழுவின் வருவாயும் விவசாயியின் பருவமும் ஒருங்கே பாதிக்கப்படும். எனவே, டிரோனை நிலையாகப் பறக்கச் செய்யும் ஏற்பாட்டைப் பற்றிய அறிவு, அதை இயக்குவோருக்கும் திட்டங்களை நிறைவேற்றும் அலுவலர்களுக்கும் இன்றியமையாதது.

அதிர்வின் தோற்றம்

டிரோன் எப்பக்கம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை ஜைராஸ்கோப் என்னும் உணர்கருவி அளக்கிறது. பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இந்த அளவீட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை படித்து, ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் திருத்துகிறது. ஆனால் ஜைராஸ்கோப் சாய்வை மட்டும் உணர்வதில்லை. மோட்டார்களும் இறக்கைகளும் சுழல்வதால் எழும் நடுக்கத்தையும் சேர்த்தே உணர்கிறது. மோட்டார் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழன்றால், 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஓர் அதிர்வு தோன்றும். சுழலிக்கு இரண்டு இறக்கைகள் இருப்பின், 100 ஹெர்ட்ஸிலும் அதிர்வு காணப்படும். இந்த நடுக்கத்தை உண்மையான சாய்வெனக் கருதிக் கட்டுப்பாட்டுக் கருவி ஓயாது திருத்த முற்படுமானால், மோட்டார்கள் வீணே சூடேறும், மின்கலத்தின் ஆற்றல் விரயமாகும், பறப்பும் தடுமாறும்.

வடிகட்டலும் தாமதமும்

இக்குறையை நீக்கவே கட்டுப்பாட்டுக் கருவியின் மென்பொருளில் வடிப்பான்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு வகைகள் முக்கியமானவை. தாழ்நிலை வடிப்பான், குறிப்பிட்ட ஓர் அலைவெண்ணுக்கு மேற்பட்ட அதிர்வுகள் அனைத்தையும் தணிக்கிறது. நாட்ச் வடிப்பானோ, ஒரு குறுகிய அலைவெண் பட்டையை மட்டும் நீக்கி ஏனையவற்றை விட்டுவிடுகிறது.

அப்படியாயின் தாழ்நிலை வடிப்பானை மிகக் கடுமையாக அமைத்துவிட்டால் போதாதா என்ற வினா எழலாம். வடிகட்டல் மிகுந்தால் தாமதமும் மிகும். 20 ஹெர்ட்ஸில் அமைக்கப்பட்ட இரண்டாம் படி வடிப்பான், அளவீட்டைச் சுமார் 11 மில்லி நொடி தாமதப்படுத்துகிறது. 40 ஹெர்ட்ஸில் இத்தாமதம் பாதியாகக் குறைகிறது. தாமதமாகக் கிடைத்த தகவலைக்கொண்டு செய்யப்படும் திருத்தம், காற்று வீசும்போது டிரோனை முன்னும் பின்னும் ஊசலாட வைக்கக்கூடும். ஆகவே, நடுக்கம் உள்ள இடத்தில் மட்டும் வடிகட்டுவதே சிறந்த முறை.

மென்பொருளின் துணை

நடுக்கம் எந்த அலைவெண்ணில் உள்ளது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. அதை அளந்தே அறியலாம். ஆர்டுபைலட் என்னும் திறந்தமூலப் பறப்பு மென்பொருளில் இயங்கும் டிரோன்களுக்கு, மிஷன் பிளானர் என்ற கணினிச் செயலி இதற்குப் பயன்படுகிறது. முதலில் ஜைராஸ்கோப் அளவீடுகளைப் பதிவு செய்யுமாறு அமைத்து, காற்றில்லா வேளையில் டிரோனை அரை நிமிடத்திற்குக் குறையாமல் ஒரே இடத்தில் மிதக்கவிட வேண்டும். பின்னர் பதிவைக் கணினிக்கு மாற்றினால், 1965இல் கூலி, டூக்கி ஆகிய இருவர் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்ற முறையைக் கொண்டு, செயலி அலைவெண் வரைபடம் ஒன்றைத் தருகிறது. அதில் உயர்ந்து நிற்கும் முகடே நடுக்கத்தின் இருப்பிடம். நாட்ச் வடிப்பானை அங்கு அமைத்து, மீண்டும் பறக்கவிட்டு, முகடு தணிந்ததா என ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தெளிப்பு டிரோனில் மேலும் ஒன்று கவனிக்கத்தக்கது. மொத்தம் 25 கிலோ எடையுள்ள டிரோன் 10 கிலோ மருந்தைத் தெளித்து முடித்ததும் 15 கிலோவாகிறது. மோட்டாரின் வேகம், தாங்கும் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், தொடக்கத்தில் 50 ஹெர்ட்ஸில் இருந்த அதிர்வு சுமார் 39 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். நிலையான வடிப்பான் அதைத் தவறவிடும். எனவே, மோட்டாரின் உந்துவிசையையோ சுழல்வேகத்தையோ பின்பற்றித் தானே நகரும் வடிப்பானைத் தேர்ந்தெடுப்பது நலம்.

பயிற்சியின் தேவை

வளைந்த இறக்கை, தளர்ந்த திருகு, தேய்ந்த தாங்கி ஆகியவற்றை எந்த வடிப்பானும் சரிசெய்துவிடாது. அவற்றை முதலில் சீராக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி வகைச் சான்றிதழ் பெற்ற டிரோன்களில், உற்பத்தியாளரின் வழிகாட்டுதலின்றி அமைப்புகளை மாற்றுதல் முறையன்று. ஆயினும் அதிர்வு வரைபடத்தைப் படிக்கக் கற்பது எவருக்கும் அரிதன்று. நமோ டிரோன் தீதி திட்டத்தில் விமானியுடன் உதவியாளர் ஒருவருக்கும் பயிற்சி அளிக்க வகை செய்யப்பட்டுள்ளது. அப்பயிற்சியில் இதுவும் இடம்பெற்றால், பழுது முற்றுமுன் அதனைக் கிராமத்திலேயே கண்டறிய இயலும். வழங்கப்பட்ட கருவியும் நெடுங்காலம் பயன்தரும்.