கடல் கடந்து சேலத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்காக

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் லாட்ஜும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிறவர்கள், இலங்கையிலோ மலேசியாவிலோ சொந்தபந்தம் உள்ளவர்கள், இவர்களுக்காகவே முதலில் இதை எழுதுகிறேன். மலையடிவாரத்தில் பெங்களூரு நெடுஞ்சாலையோரம் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளை ஒருவர் இப்படியொரு அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர வழி உண்டா என்று கேட்டால், உண்டு. அந்த வழியில் ஏஜென்ட்டே தேவையில்லை என்பதைத்தான் நம் ஆட்கள் பலர் அறியவில்லை.

பல்கலைக்கழகத்தின் பிறப்பு எப்படி என்று பார்ப்பதுதான் முதல் பாதுகாப்பு. சேலம் வட்டாரக் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் 1997 செப்டம்பர் 17 அன்று பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் இதன் கீழ் வருகின்றன. 1956 ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22 ஆம் பிரிவுப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். மற்றவர்கள் தருவது வெறும் காகிதம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசியே தன் தளத்தில் வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். தனியார் கல்லூரி என்றால், பிள்ளை சேரும் அந்தப் பாடப்பிரிவுக்கு, அந்த ஆண்டுக்கு இணைப்பு அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்.

"வெளிநாட்டுக்காரன் வந்தால் நம் பிள்ளையின் சீட் போய்விடும்" என்ற பேச்சு தவறு. 2022 இல் யுஜிசி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் கூடுதலாக 25 சதவீதம் வரை இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கலாம். அந்த இடங்கள் காலியாக இருந்தாலும் உள்ளூர் மாணவரால் நிரப்பக் கூடாது. எத்தனை இடம் என்பதைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கும். மருத்துவத்துக்கு மட்டும் வெளிநாட்டவரும் நீட் எழுதியாக வேண்டும்.

இனி ஆபத்துகள். சுற்றுலா விசாவில் வந்துவிடு, இங்கே மாணவர் விசாவாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேர்க்கைக் கடிதம் கையில் வந்த பிறகு, சொந்த நாட்டிலிருந்தே மாணவர் விசா கேட்க வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் நம் பிளஸ் டூவுக்கு இணையா என்ற சமநிலைச் சான்றை எந்த அமைப்பிடம் வாங்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். இதில்தான் பல பிள்ளைகள் ஓராண்டை இழக்கிறார்கள். விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். கல்லூரி மாறுவதற்கும் அனுமதி வேண்டும்.

லாட்ஜ்காரர்களே, வார இறுதியில் மலையேறி வரும் வெளிநாட்டு மாணவருக்கு ஓர் இரவு அறை கொடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். வீட்டில் வாடகைக்கு வைத்தாலும் இதுவே. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் தங்குமிடம் தருபவருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் தகவல் தரும் கடமை உண்டு. நீங்கள் விட்ட பிழைக்காக அந்தப் பிள்ளையும் அலைய நேரிடும்.

பாஸ்போர்ட் வேறொரு நாட்டுடையது என்பதால் உரிமை குறைந்துவிடாது. அரசியல் சட்டத்தின் 14, 21 ஆம் பிரிவுகள் குடிமக்களோடு நிற்பதில்லை, இந்த மண்ணில் இருக்கும் எவருக்கும் பொருந்தும். கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்த போலந்து மாணவர் ஒருவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்ன உத்தரவை, 2020 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பது 2018 யுஜிசி அறிவிப்பு. "கோர்ஸ் முடியும்வரை எங்களிடமே இருக்கட்டும்" என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது. அதே அறிவிப்பு, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. நடைமுறைச் செலவாக அவர்கள் பிடிப்பது 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

சேலம் மாவட்டத்திலேயே உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகளின் நிலை வேறு. இங்கே பிறந்து, இங்கேயே தமிழ்வழியில் படித்த பிள்ளையிடம் பாஸ்போர்ட் கேட்பது கொடுமை. இவர்களை வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் தள்ள நினைத்தால் முகாம் தனி வட்டாட்சியரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் உடனே எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் அடிப்படையில் பொறியியலில் முதல் 50 முகாம் மாணவரின் கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்கும் என்று 2021 ஆகஸ்ட்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள்.

குறை தீர்க்கவும் படிகள் இருக்கின்றன. 2023 யுஜிசி விதிமுறைப்படி எல்லாக் கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள் கெடு. ராகிங் என்றால் காத்திருக்கவே வேண்டாம், 1800-180-5522 என்ற எண்ணை அழையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாள் கணக்கு அந்த ரசீதிலிருந்துதான் தொடங்கும்.