உஷார்! ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு 16 டிபி கிடைக்காது

செல்போனைத் திறந்தால் வரும் அந்த விளம்பரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்கும் பளபளப்பான டிரைவ் பெட்டி, அதன் மேல் '16 டிபி' என்று எழுத்து, பக்கத்தில் பெரிய விலையை அடித்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறோ இரண்டாயிரமோ என்று ஒரு சின்ன விலை. கேஷ் ஆன் டெலிவரியும் உண்டு. தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதில் போட்டு வைத்த படங்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். கம்ப்யூட்டரிலோ போனிலோ மூலப்படம் இன்னும் இருந்தால் அதை அழிக்கவே அழிக்காதீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் இப்படியொன்றை ஒருவர் பிரித்தே காட்டினார். வால்மார்ட் தளத்தில் வெளி விற்பனையாளர் ஒருவர் '30 டிபி எஸ்எஸ்டி' என்று 39 டாலருக்கு விற்ற அதே மாதிரிப் பெட்டி அது. உள்ளே ஒரு சின்ன பழைய யுஎஸ்பி 2.0 போர்டு. அதன் மேல் பசை போட்டு ஒட்டிய இரண்டு மெமரி கார்டுகள். கார்டு ஒவ்வொன்றும் வெறும் 512 எம்பி. 30 டிபி என்று சொன்ன இடத்தில் மொத்தம் 1 ஜிபிதான் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் செருகினால் 30 டிபி என்றே காட்டும். போர்டில் இருக்கும் மென்பொருளை அப்படிப் பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருந்தார்கள்.

பணம் போவது ஒரு நஷ்டம்தான், ஆனால் என்னைப் பதற வைப்பது அது இல்லை. இந்தப் பெட்டி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். காப்பி ஆகும்போது பச்சைக் கோடு ஒழுங்காக நகரும், பிழை என்று எதுவும் வராது. உண்மையான இடம் தீர்ந்ததும், கரும்பலகையில் பழையதை அழித்து மேலேயே எழுதுவதுபோல முன்பு போட்டதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும், அல்லது வந்ததை அப்படியே கைவிடும். ஃபைல் பெயர், தேதி, அளவு எல்லாம் பட்டியலில் அப்படியே நிற்கும். திறந்தால் மட்டும் படம் வராது. அதற்குள் 'பத்திரமாக ஏற்றிவிட்டோமே' என்று போனில் இருந்ததை அழித்திருப்பீர்கள். இப்படி அழிந்ததை எந்த ரெக்கவரி கடைக்காரராலும் மீட்க முடியாது, ஏனென்றால் அதன் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது, அல்லது அது எங்கேயும் எழுதப்படவே இல்லை.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இது யாருக்கெல்லாம் அடி என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் முதலில். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதியும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி சாப்பிடும். இரண்டு கேமரா, முந்தின நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்றால் ஒரே கல்யாணம் சில நூறு ஜிபியைத் தொடும். வைகாசியில் அடுத்தடுத்து முகூர்த்தம் வரும்போது கையில் கிடைக்கும் மலிவான டிரைவில் கொட்டி வைக்கத்தான் தோன்றும். கூவாகம் சித்திரைத் திருவிழாவை வருஷா வருஷம் படம் எடுப்பவர்களுக்கும் இதே பாடு. எங்கள் மரச்சிற்பப் பட்டறைகள் இன்னொரு பக்கம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்து கொடுத்த சிலையும் கதவும் ஊர் ஊராகப் போய்விடும், பட்டறையில் மிஞ்சுவது அவற்றின் படங்கள்தான். அடுத்த ஆர்டர் கேட்டு வருபவருக்குக் காட்ட வேறு என்ன இருக்கிறது?

கல்வராயன் மலையில் இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். 'எல்லாவற்றையும் கிளவுடில் போடுங்கள்' என்று நகரத்துக்காரர் சுலபமாகச் சொல்லிவிடுவார். செல்போன் சிக்னலுக்கே மேடு தேடிப் போகும் ஊரில் நூறு ஜிபியை எப்படி ஏற்றுவது? சாதிச் சான்றிதழ், பட்டா, பிள்ளைகளின் மார்க்‌ஷீட் ஸ்கேன் எல்லாம் வீட்டில் ஒரு டிரைவில்தான் இருக்கும். அந்த டிரைவே பொய் என்றால்? பார்சலைத் திருப்பி அனுப்பவும் மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். ரிட்டர்ன் தேதி தாண்டிப் போவது அங்கே மிகச் சுலபம்.

மோசடியை விலையை வைத்தே கண்டுபிடிக்கலாம். தட்டு சுழலும் சின்ன ஹார்ட் டிஸ்க், அதாவது தனி அடாப்டர் இல்லாமல் யுஎஸ்பி வயரிலேயே ஓடும் வகை, பல வருடம் 5 டிபியோடு நின்றிருந்தது. 6 டிபி வந்ததே 2024ல்தான். 8 டிபி கொள்ளும் அசல் கையடக்க எஸ்எஸ்டியின் விலை பல பத்தாயிரங்கள். அசல் 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கே சில ஆயிரம் ஆகும்போது, 16 டிபியை ஒன்றரை ஆயிரத்துக்குக் கொடுக்க உலகில் எந்தக் கம்பெனியாலும் முடியாது. கேள்விப்படாத பிராண்ட், அல்லது பிராண்டே இல்லாத பெட்டி, எக்கச்சக்க டிபி, அடிமாட்டு விலை: மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஐந்து நட்சத்திர ரிவ்யூவை நம்ப வேண்டாம். பார்சல் வந்த அன்றே '16 டிபி காட்டுது, சூப்பர்' என்று எழுதியவர்கள்தான் அதில் பெரும்பாலோர், அவர்கள் அதை நிரப்பிப் பார்த்தவர்கள் இல்லை.

நிரப்பிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. ஜெர்மனியின் சி'டி பத்திரிகை இலவசமாகக் கொடுத்த ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. காலி டிரைவைக் காட்டி, எழுதிச் சரிபார்க்கச் சொன்னால் கடைசி மூலை வரை எழுதும், பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. அவசரம் என்றால் 2023ல் வந்த வேலிடிரைவ் இருக்கிறது. டிரைவ் முழுக்க 576 இடங்களைத் தொட்டுப் பார்த்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடும். முழுச் சோதனைக்கு நேரம் பிடிக்கும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 2 டிபியை எழுதவே ஐந்தரை மணி நேரம், படிக்க இன்னொரு ஐந்தரை. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கட்டும், நம் ஊர் கரண்டை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். இதை நடுவில் சொல்லிவிடுகிறேன்: அசல் 1 டிபி டிரைவும் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இன்னொரு வலையும் இருக்கிறது, இது அசல் டிரைவிலேயே நடப்பது. பல வருடம் ஓடித் தேய்ந்ததைத் துடைத்துப் புதிது என்று விற்பது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் கடையில் புதிதென்று வாங்கிய சீகேட் டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரிய வந்தது. ஓடிய கணக்கைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். அதே வருடம் மலேசியாவில் இப்படிப் பழையதைப் புதிதாக்கும் கிடங்கு ஒன்றில் சோதனை நடந்தது. அங்கே சிக்கியவை பெரிய ரக டிஸ்க்குகள். ஆனால் பழைய லேப்டாப்பில் கழற்றியதைப் புது உறையில் போட்டு விற்பதற்கு அவ்வளவு சாமர்த்தியம்கூடத் தேவையில்லை. கடையில் 'அண்ணே, சீல் பிரிக்காத பெட்டி கொடுங்க, பில்லில் சீரியல் நம்பர் போட்டுத் தாங்க' என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அந்த நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று வரும். கணக்கைப் பூஜ்யமாக்காமல் விட்டிருந்தால், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றும் தெரியும். புதியதில் அது ஆயிரக்கணக்கில் இருக்கக் கூடாது.

சரி, எதைத்தான் வாங்குவது? வீட்டுப் படமும் வீடியோவும் சேர்த்து வைக்க எஸ்எஸ்டி தேவையே இல்லை. டபிள்யூடி எலிமென்ட்ஸ், சீகேட் எக்ஸ்பான்ஷன், டோஷிபா கான்வியோ பேசிக்ஸ் மாதிரி சாதாரண தட்டு டிரைவ் போதும். ஒரே ஒரு பெரியதை வாங்காமல் சிறியதாக இரண்டு வாங்கி, இரண்டிலும் அதே படங்களை வையுங்கள் என்பது என் முடிவான கருத்து. டிபி கணக்கில் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும். 2023ல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ எஸ்எஸ்டிகள் திடீரென்று தகவலை இழந்ததாகப் பலர் புகார் சொல்லி, அமெரிக்காவில் வழக்கு வரை போனது. விலை உயர்ந்த பிராண்டுக்கே அந்த நிலை. வாரண்டியில் புது டிரைவ் கொடுப்பார்கள், உள்ளே இருந்த உங்கள் பிள்ளையின் படத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது டிரைவ் வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது, திருக்கோவிலூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்களுக்குப் பொருளை எடுக்க நேரம் இருந்ததா? ஒரே பீரோவில் இரண்டு பிரதி இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஒன்றை அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

ஏமாந்துவிட்டவர்கள் அவமானப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ, சோதனையில் வந்த பிழையின் ஸ்கிரீன்ஷாட், பில் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. தளத்தில் ரிட்டர்ன் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் அப்படியொரு பெட்டி வந்து இறங்கியிருந்தால், ரிட்டர்ன் தேதி என்றைக்கு முடிகிறது என்று பார்த்துவிட்டு, இன்று ராத்திரியே சோதனையை ஓட்டிவிடுங்கள்.