என்கொயரியா, இன்கொயரியா?

ப்ராஜெக்ட் தலைப்பு வைக்கும்போது பலரும் குழம்புற இடம் இது.

நெல்லை ஜங்ஷன்ல ‘ரயில் எத்தனை மணிக்கு?’னு கேட்கிறோமே, அது என்கொயரி. வெறும் தகவல் கேட்பது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்கான பேரணியில் போலீஸ் தடியடி நடத்த, 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். அதை விசாரிக்க நீதிபதி மோகன் தலைமையில் அரசு அமைத்தது இன்கொயரி கமிஷன், முறைப்படியான விசாரணை. இந்த வேறுபாடு பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே இன்கொயரிதான்.

இனி ரிப்போர்ட். குறுக்குத்துறையில ஒரு தடவை தண்ணி எடுத்து பிஹெச் பார்த்தால் அது டெஸ்ட். மாசாமாசம் எடுத்து ஒப்பிட்டால் ஸ்டடி. ஏன் மாறுதுன்னு காரணத்தைத் தேடிப் போனால் இன்வெஸ்டிகேஷன். இதுவரை யாரும் பதில் சொல்லாத கேள்வியை எடுத்தால்தான் ரிசர்ச்.

எங்க டீம் மினி ப்ராஜெக்ட்டுக்கு மூணே சாம்பிள் எடுத்துட்டு, தலைப்புல ‘ரிசர்ச்’னு போட்டோம். வைவாவில முதல் கேள்வியே, “இதுல புதுசா என்ன இருக்கு?” மூணு பேரும் முழிச்சோம். வேலை தப்பில்ல; சொல்தான் பெரிசு.

அதனால முதல்ல என்ன செஞ்சோம்னு தமிழ்ல ஒரு வரி எழுதுங்க. அதுக்குப் பொருந்துற இங்கிலீஷ் சொல்லை அப்புறம் தேடுங்க.