மெமோவாக வரும் கொடுமை

காவல்துறையில் மேலதிகாரியின் கொடுமை பெரும்பாலும் நிர்வாக நடவடிக்கை போலவே வரும். அவசர விடுப்பு கிடைக்காது. இரவு ரோந்து முடித்தவருக்குக் காலையிலேயே பந்தோபஸ்து போடுவார்கள். வாக்கிடாக்கியில் எல்லோர் காதிலும் விழும்படி வசவு; சில்லறைத் தவறுக்கும் மெமோ. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் நிரூபிக்க முடியாது. மாதக்கணக்கில் ஒருவரையே குறிவைப்பதுதான் கொடுமை. ஸ்வீடனில் உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் 1980களில் மற்ற ஊழியர்களிடமும் இதையே கண்டார்.

முதலில் தூக்கம் கெடும். பிறகு ரத்த அழுத்தம், மனச்சோர்வு, குடி. அந்த எரிச்சல் வீட்டிலும், புகார் கொடுக்க வந்தவர் மீதும் கொட்டும். கையில் துப்பாக்கி இருப்பவரின் மனச்சோர்வு கூடுதல் ஆபத்து.

மற்ற ஊழியர்கள் சங்கத்தை நாடலாம். காவலர்கள் சங்கத்தில் சேர்வதை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. புகாரும் பெரும்பாலும் அதே அதிகாரி வழியாகத்தான் மேலே போக வேண்டும். தடை போட்டாலும் பழக்கம் எளிதில் போவதில்லை. தமிழகத்தில் காவலர்களை அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறை 1979இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. அதை 2022இலும் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது என்றால், காகிதத்தில் ஒழித்ததற்கு என்ன மதிப்பு? பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக 2013இல் சட்டம் வந்தது. பிற பணியிடக் கொடுமைகளுக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை.